அலமாரியில் கிடைக்கிற பர்பனைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் பர்பன் விஸ்கி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் மது என்றாலே ஒன்று கள்ளச்சாராயச் சாவு, இல்லாவிட்டால் டாஸ்மாக் வசூல். ஒரு நாட்டின் தொழிலாக, கைப்பக்குவமாகப் பார்த்து அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் கட்டுரையோடு பெட்டி கட்டிப் போட்டிருந்த "ருசிக்க வேண்டிய பர்பன்கள்" பட்டியலைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. பாப்பி வான் விங்கிள் 23, வெல்லர் 12, பிளான்டன்ஸ் என்று முழுக்க முழுக்க ஏலத்திலும் குலுக்கலிலும் போகிற பாட்டில்கள். கென்டக்கியில் குடியிருக்கிற எங்களுக்கே அவை கடையில் கண்ணில் படுவது அபூர்வம். பர்பன் பிரியர்கள் நிஜமாகவே இப்போது எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள், எதை ஊற்றினால் முகம் மலர்கிறது என்று அந்தப் பட்டியலைப் பார்த்து யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உடன்குடிப் பக்கத்துக்காரன். குடும்பத்தோடு லூயிவில் நகரத்தில் இருக்கிறேன். குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை. எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் பார்ட்ஸ்டவுன், கிளெர்மான்ட், லாரன்ஸ்பர்க், லொரெட்டோ எல்லா ஊருக்கும் போய்விடலாம். பர்பன் உலகம் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான். சாலையோரம் மாடு மேயும், அதற்குப் பின்னால் ஏழு மாடிக் கிட்டங்கிகள் வரிசையாக நிற்கும். பீப்பாயிலிருந்து ஆவியாகும் சாராயத்தைத் தின்று வளர்கிற ஒரு கரும்பூசணம் சுவரிலும் பக்கத்து மரங்களிலும் அப்பியிருப்பதால் கட்டடமே புகை பிடித்தது போலக் கறுத்திருக்கும். ஊறல் கொதிக்கிற நாளில் டிஸ்டிலரிப் பக்கம் போனால் எங்கள் ஊரில் கருப்பட்டி காய்ச்சுகிற விளைக்குள் நுழைந்த மாதிரி இனிப்பும் புகையுமாக ஒரு வாசனை வரும். எனக்கு இந்த விஸ்கி பிடித்துப்போனதற்கு அந்த வாசனைதான் முதல் காரணம்.

கட்டுரையில் இருந்த இரண்டு தகவலைத் திருத்த வேண்டியிருக்கிறது. பர்பன் கென்டக்கியில் செய்தால்தான் பர்பன் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் செய்யலாம். 1964-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைத் தங்கள் நாட்டுக்கே உரிய சரக்கு என்று தீர்மானம் போட்டது. நாட்டுக்கு உரியது என்றதே தவிர கென்டக்கிக்கு மட்டும் என்று சொல்லவில்லை. இண்டியானாவிலும் டெக்ஸாசிலும் நியூயார்க்கிலும்கூடச் செய்கிறார்கள். சட்டம் கேட்பது வேறு: ஊறலில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், உட்புறம் தீயிட்டுக் கருக்கிய புத்தம் புதிய ஓக் பீப்பாய், வடிக்கும்போது 80 சதவீதத்துக்கும் பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹால் போகக் கூடாது, பாட்டிலில் 40-க்குக் குறையக் கூடாது. ஸ்ட்ரெய்ட் பர்பன் என்று போட்டிருந்தால் குறைந்தது இரண்டு வருடம் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். நிறம், மணம் எதையும் வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. அந்தச் செம்பு நிறம் முழுக்க மரத்தின் வேலை.

ஜாக் டேனியல்ஸை பர்பன் வரிசையில் சேர்த்தது இரண்டாவது. அது டென்னசி மாநிலத்து லிஞ்ச்பர்க் ஊர்ச் சரக்கு. வடித்ததும் மேப்பிள் மரக் கரியில் வடிகட்டித்தான் பீப்பாய்க்கு அனுப்புகிறார்கள். தன்னை டென்னசி விஸ்கி என்றே சொல்லிக்கொள்கிறது. அதை அப்படியே சொல்வதுதான் அவர்களுக்கும் மரியாதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் தெருவில் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். பீப்பாய்ப் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர், பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிற அம்மா, ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கிற குஜராத்தி நண்பர், நான், இன்னும் இரண்டு மூன்று பேர். அவரவர் அண்மையில் திறந்து ரசித்த பாட்டிலைக் கொண்டு வர வேண்டும் என்பதுதான் ஒரே விதி. விலை கேட்கக் கூடாது என்று எழுதாத விதி ஒன்றும் இருக்கிறது. அடி அகன்று வாய் குறுகிய சின்னக் கண்ணாடிக் குவளையில் 15 மில்லி ஊற்றுவோம். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு முகர்ந்தால் நெடி மூக்கில் ஏறாது. முதல் வாய் நாக்கைப் பழக்க, இரண்டாவது வாய்தான் ருசிக்க. பிறகு ஒரு துளி தண்ணீர் விட்டுப் பார்ப்போம். துளித் தண்ணீருக்கே வாசனை எப்படி விரிகிறது என்பதை யாரும் ஒருமுறை அனுபவித்துப் பார்க்க வேண்டும்.

சென்ற சில மாதங்களாகத் திண்ணைக்கு அடிக்கடி வருவது வைல்ட் டர்க்கி 101. இருபத்தைந்து டாலருக்குப் பக்கத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கிற சரக்கு. 50.5 சதவீதம். லாரன்ஸ்பர்க்கில் கென்டக்கி ஆற்றுக்கு மேலே மேட்டில் இருக்கிறது இந்த டிஸ்டிலரி. ஜிம்மி ரஸ்ஸல் அங்கே 1954-ல் வேலைக்குச் சேர்ந்தார். பின்னால் மகன் எடி, பேரன் புரூஸ் என்று மூன்று தலைமுறை அதே ஊறலைக் காக்கிறது. சட்டம் 62.5 வரை அனுமதித்தாலும் இவர்கள் பீப்பாயில் ஊற்றுவது 57.5-ல். அப்படி ஊற்றினால் அதே அளவு சரக்குக்கு அதிகப் பீப்பாய் வேண்டும், செலவு கூடும். ஆனால் பிறகு பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கிற தண்ணீர் குறையும், மரத்தின் ருசி நீர்த்துப் போகாது. நான் தண்ணீர்க்காரன் என்பதால் எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். குவளையில் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு எடுத்தால் முதலில் வெந்த சர்க்கரை, அடுத்து ஆரஞ்சுத் தோல், கடைசியில் கிராம்பும் மிளகும் தொண்டையில் நின்று பேசும். இதன் அண்ணன் ரேர் பிரீட். 6, 8, 12 வருடப் பீப்பாய்களைக் கலந்து, தண்ணீர் சேர்க்காமல் அடைப்பது. குஜராத்தி நண்பர் வீட்டில் எப்போதும் ஒன்று திறந்திருக்கும்.

பெரியவர் கொண்டு வருவது பெரும்பாலும் இவான் வில்லியம்ஸ், வெள்ளை லேபிள். இருபது டாலருக்குள். கடை அலமாரியில் கீழ்த்தட்டில் இருப்பதால் பலரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. அந்த லேபிளில் "பாட்டில்ட் இன் பாண்ட்" என்று இருக்கும். அந்த மூன்று சொல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரிலும் கலப்படம் தலைவிரித்தாடியது. பச்சைச் சாராயத்தில் புகையிலைச் சாறும் இன்னும் கண்டதையும் கலந்து நிறமேற்றி, பழைய விஸ்கி என்று விற்றார்கள். ஒழுங்காகத் தொழில் செய்த கர்னல் எட்மண்ட் டெய்லர் போன்றவர்கள் அரசாங்கத்தோடு போராடி 1897-ல் சட்டம் கொண்டுவர வைத்தார்கள். ஒரே டிஸ்டிலரி, ஒரே பருவத்தில் வடித்தது, அரசாங்கப் பூட்டுக்குள் குறைந்தது நான்கு வருடம், சரியாக 50 சதவீதம். எங்கே வடித்தது என்று லேபிளில் எண் போட்டாக வேண்டும். வெள்ளை லேபிளில் டிஎஸ்பி-கேஒய்-1 என்று இருக்கும். அது லூயிவில் நகரத்துக்குள்ளேயே இருக்கிற பெர்ன்ஹைம் டிஸ்டிலரி. கள்ளக்குறிச்சியைக் கண்ட நமக்கு, குடிக்கிறவன் உயிரைக் காக்க லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்று 1897-லேயே ஒரு நாடு சட்டம் போட்டது பெரிய செய்தி. உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு வருத்தம்.

இவான் வில்லியம்ஸைச் செய்கிற ஹெவன் ஹில் கம்பெனியின் பார்ட்ஸ்டவுன் டிஸ்டிலரி 1996 நவம்பர் 7-ஆம் தேதி தீப்பிடித்து எரிந்தது. ஏழு கிட்டங்கிகள், ஏறக்குறைய 90,000 பீப்பாய் போயின. எரிகிற சாராயம் மேட்டிலிருந்து ஆறாக ஓடியதைப் பெரியவர் இன்றைக்கும் சொல்வார். அந்த நேரத்தில் போட்டிக் கம்பெனிகள்தான் தங்கள் டிஸ்டிலரியில் இவர்களுக்கு வடித்துக் கொடுத்தன. அதன் பிறகுதான் லூயிவில் டிஸ்டிலரியை வாங்கினார்கள்.

பெரியவர் பேச ஆரம்பித்தால் பீப்பாயைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். வெள்ளை ஓக் பலகைகளில் ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. இரும்பு வளையத்தின் இறுக்கத்திலேயே 200 லிட்டர் நிற்க வேண்டும். நான்காம் நம்பர் கருக்கல் என்றால் 55 விநாடி நெருப்பு. உட்புறம் முதலைத் தோல் மாதிரி பாளம் பாளமாக வெடித்துவிடும். கோடையில் சரக்கு விரிந்து பலகைக்குள் போகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். அந்தப் போக்குவரத்தில்தான் நிறமும் ருசியும். மேல்மாடியில் வெக்கை அதிகம் என்பதால் அங்கே தண்ணீர் சீக்கிரம் ஆவியாகி ஆல்கஹால் சதவீதம் ஏறும். கீழே அப்படி ஏறாது. எந்த மாடியில் எந்த மூலையில் கிடந்தது என்பதை வைத்து ஒரே ஊறல், ஒரே நாளில் வடித்தது, இரண்டு ருசியாகிவிடும். தன் கையால் இறுக்கிய பீப்பாய்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று பெரியவர் நினைத்துப் பார்ப்பதுண்டு. பர்பனுக்குப் புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்பதால் ஒருமுறை பயன்படுத்தியது இங்கே பர்பனுக்கு ஆகாது. ஸ்காட்லாந்துக்குப் போகும், மெக்சிகோவுக்குப் போகும். பெங்களூரில் அம்ருத் விஸ்கியும் இந்தப் பழைய பர்பன் பீப்பாய்களில்தான் முதிர்கிறது என்று நான் சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த முறை ஊருக்குப் போய்விட்டு வரும்போது அவருக்காகவே ஒரு அம்ருத் கொண்டு வந்தேன். முகர்ந்துவிட்டு, "மரம் தெரிகிறது" என்றார்.

வரலாற்று ஆசிரியை விரும்பிக் கொண்டு வருவது ஃபோர் ரோஸஸ் சிங்கிள் பேரல், அதாவது ஒரே பீப்பாயிலிருந்து அடைத்த சரக்கு. ஐம்பது டாலருக்குள். இரண்டு வகை ஊறல், ஐந்து வகை ஈஸ்ட், ஆகப் பத்து வகைச் சரக்கு அந்த டிஸ்டிலரியில் வடிக்கிறார்கள். அதில் ஒன்று மட்டும்தான் இந்தப் பாட்டிலில் வரும். ரை தானியம் 35 சதவீதம் சேர்ந்த ஊறல் என்பதால் காரம் தூக்கலாக இருக்கும், கூடவே பழுத்த பேரிக்காய் வாசனை. இந்தப் பெயருக்கு நேர்ந்ததை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். 1950-களின் இறுதியில் அப்போதைய முதலாளிகள் அசல் ஃபோர் ரோஸஸ் பர்பனை உள்நாட்டில் விற்பதை நிறுத்திவிட்டு, ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் மட்டும் அனுப்பினார்கள். உள்ளூரில் அதே பெயரில் மட்டமான கலப்பு விஸ்கி. பல பத்து வருடங்கள் கென்டக்கிக்காரன் தன் ஊரில் வடித்ததைக் குடிக்க முடியவில்லை. 2002-ல் ஜப்பானின் கிரின் கம்பெனி வாங்கிய பிறகு, ஜிம் ரட்லெட்ஜ் என்ற தலைமை வடிப்பாளரின் விடாமுயற்சியால் அது வீடு திரும்பியது. ஆசிரியை அந்தப் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் இதைச் சொல்வார், நாங்களும் கேட்போம்.

ஓல்ட் கிராண்ட்-டாட் பாண்டட் (அதே 1897 சட்டப்படி அடைத்தது) என்ற ஆரஞ்சு லேபிள் பாட்டிலை நான் விடாமல் சிபாரிசு செய்கிறேன். பெயரையும் படத்தையும் பார்த்துப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். விலை இருபத்தைந்து டாலர் சுமார். வறுத்த வேர்க்கடலையும் சுக்கும் கலந்த ருசி. மனைவி மிக்சரும் காரச்சேவும் வைத்தால் அதற்கு இதைவிட ஒத்துப்போகிற பர்பனை நான் பார்க்கவில்லை. காரமே ஆகாதவர்களுக்கு மேக்கர்ஸ் மார்க். அதில் ரைக்குப் பதில் கோதுமை, அதனால் மெத்தென்று இறங்கும். 2013-ல் சரக்குப் பற்றாக்குறை என்று ஆல்கஹாலை 45-லிருந்து 42 சதவீதமாகக் குறைக்கப் போவதாகக் கம்பெனி அறிவித்தபோது சாதாரண வாடிக்கையாளர்கள் கொதித்து எழுந்தார்கள். ஒரு வாரத்திலேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். தினசரி வாங்குகிறவன் சொல்லுக்கு இங்கே அந்த மதிப்பு உண்டு.

இப்போது உங்கள் பட்டியலில் இருந்த பாட்டில்களுக்கு வருகிறேன். அவை மோசம் என்று நான் சொல்லவில்லை. வெல்லரும் வான் விங்கிளும் பஃபலோ டிரேஸ் டிஸ்டிலரியின் ஒரே கோதுமை ஊறல்தான். பீப்பாயும் வயதும் தேர்வும் வேறு. பிளான்டன்ஸ் 1984-ல் தலைமை வடிப்பாளர் எல்மர் டி. லீ கொண்டுவந்தது, ஒரே பீப்பாய்ச் சரக்கைத் தனியாக அடைத்து விற்கும் வழக்கமே அதிலிருந்துதான் பரவியது. மூடியில் குதிரையும் ஜாக்கியும், எட்டு விதமாக, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. அழகுதான். ருசியும் நன்றாகவே இருக்கும். ஆனால் பட்டியல் விலை அறுபது எழுபது டாலர் போட்டிருக்கிற அந்தப் பாட்டிலுக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கூடுதலாகக் கொடுத்த காசில் ஒரு துளி ருசியும் குவளைக்கு வராது. அது முழுக்க இடையில் நிற்கிறவன் பைக்குப் போகிறது.

விலை எப்படி ஏறுகிறது என்பதற்கு ஹென்றி மெக்கென்னா பத்து வருடச் சரக்கையே பாருங்கள். முப்பது முப்பத்தைந்து டாலருக்கு எந்தக் கடையிலும் தூசி படிந்து நின்ற பாட்டில். 2019-ல் சான் பிரான்சிஸ்கோ போட்டியில் எல்லா விஸ்கிக்கும் மேலாக முதலிடம் கொடுத்தார்கள். சில வாரங்களில் அலமாரி காலி. திரும்ப வந்தபோது விலை இரண்டு மடங்குக்கும் மேல். உள்ளே இருந்த சரக்கு போட்டிக்கு முந்தின நாள் இருந்ததேதான். அதோடு, ஒரு பீப்பாய்க்கும் இன்னொரு பீப்பாய்க்கும் வித்தியாசம் இருக்கிற சரக்கு அது. போட்டி நடுவர்கள் குடித்ததையே நாமும் குடிப்போம் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

இங்கே லூயிவில் பக்கம் ஒரு கடையில் எனக்கே நடந்தது. வெல்லர் வேண்டும் என்று கேட்டேன். உள்ளே இருக்கிறது, ஆனால் விற்காமல் தேங்கிக் கிடக்கிற ஓட்காவும் ஏதோ இனிப்பு மதுவும் நூறு டாலருக்கு எடுத்தால்தான் தருவோம் என்றார்கள். நம் ஊர் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வேண்டுமென்றால் சோப்பும் வாங்கு என்று கட்டாயப்படுத்திய காலம் ஞாபகம் வந்தது. பேசாமல் வெளியே வந்துவிட்டேன். இப்படி விற்கிறவர்களை வாழவைப்பதே "கட்டாயம் ருசிக்க வேண்டியவை" என்று திரும்பத் திரும்ப அதே பெயர்களை அச்சிடுகிற பட்டியல்கள்தான். உங்கள் பத்திரிகையும் அதில் சேர வேண்டாம் என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்று. பர்பன் கிடைக்காத பஞ்ச காலம் முடிந்துவிட்டது. 2025 தொடக்கத்தில் கென்டக்கிக் கிட்டங்கிகளில் முதிர்ந்துகொண்டிருந்த பீப்பாய்கள் 1.6 கோடியைத் தாண்டின. மாநிலத்தின் மக்கள்தொகை அரைக் கோடிகூட இல்லை. பஃபலோ டிரேஸ் 120 கோடி டாலர் செலவில் விரிவாக்கியிருக்கிறது. நேற்றுவரை தேடி அலைந்த ஈகிள் ரேர் பத்து வருடச் சரக்கு இப்போது அலமாரியில் நிற்பதைப் பார்க்கிறேன். வெளிச்சந்தையிலும் விலை இறங்குகிறது. வாங்குகிறவர்களுக்கு நல்ல காலம், தொழிலாளிகளுக்கு அப்படி இல்லை. எங்கள் நகரத்தில் 1945-லிருந்து ஓடிய ஒரு பெரிய பீப்பாய்ப் பட்டறையை 2025-ல் மூடினார்கள். அங்கே வேலை பார்த்த பலரைப் பெரியவருக்குத் தெரியும். போதாக்குறைக்கு 2025 மார்ச்சில் வரிச் சண்டையில் கனடாவின் ஒன்டாரியோ மாநில அரசு மதுக்கடைகள் அமெரிக்கச் சரக்கு மொத்தத்தையும் அலமாரியிலிருந்து இறக்கிவிட்டன. ஸ்கார்பரோவில் இருக்கும் என் மைத்துனர் மேக்கர்ஸ் மார்க் ஒரு பாட்டிலுக்காக வீட்டுக்கு வீடு விசாரித்துக்கொண்டிருந்தார். இந்தச் செய்திகளும் பர்பன் கட்டுரையில் வர வேண்டியவைதான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நேரடியாக ஆகிற விஷயமும் உண்டு. இந்தியாவில் பர்பனுக்கான இறக்குமதி வரி 2025 பிப்ரவரியில் 150 சதவீதத்திலிருந்து 100 ஆகக் குறைந்தது. குறைந்த பிறகும் மாநில வரிகள் சேர்ந்து சென்னையில் விலை இங்கத்தியதைவிடப் பல மடங்குதான். அதனால் ஊருக்கு வருகிற சொந்தக்காரர்களிடம் சொல்லி அனுப்புவது இன்னும் நடக்கிறது. போன முறை அக்கா மகன், "மாமா, வரும்போது பிளான்டன்ஸ் வாங்கிட்டு வாங்க, அந்தக் குதிரை மூடி வேணும்" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். விமானத்தில் வருகிறவருக்கு வரியில்லாமல் இரண்டு லிட்டர்தான் அனுமதி. 750 மில்லி பாட்டிலில் இரண்டு. அந்த இரண்டுக்கு நான் ஒரு வைல்ட் டர்க்கி 101, ஒரு ஃபோர் ரோஸஸ் சிங்கிள் பேரல் கொண்டு போனேன். ஒன்று மிளகு, இன்னொன்று பழம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசித்துப் பார்த்தான். தானியத்தில் என்ன மாறினால் நாக்கில் என்ன மாறுகிறது என்று அன்றைக்கு அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. இரண்டும் சேர்ந்து ஒரு பிளான்டன்ஸின் கள்ள விலையில் பாதிகூட ஆகவில்லை.

குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. என் அப்பா கடைசிவரை ஒரு சொட்டுத் தொட்டதில்லை, அதில் எனக்குப் பெருமைதான். நம் மாநிலத்தில் குடி எத்தனை வீட்டு அடுப்பை அணைத்திருக்கிறது என்றும் தெரியும். அதனால்தான் நாங்கள் 15 மில்லிக் கணக்கு வைத்திருக்கிறோம், தட்டில் சாப்பாடு இல்லாமல் பாட்டில் திறப்பதில்லை, வண்டி ஓட்டுகிறவருக்கு அன்றைக்கு மோர்தான். இவ்வளவு நிதானமாகக் குடித்தால்தான் இந்தச் சரக்கில் இருக்கிற உழைப்பு நாக்குக்குத் தெரியும். உங்கள் கட்டுரையில் பாட்டிலை அப்படியே கவிழ்க்கிற படம் போட்டிருந்தீர்கள். அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

அடுத்த முறை இந்தப் பொருளில் எழுதும்போது பட்டியலில் பாதியாவது சாதாரண மனிதன் கடைக்குப் போய்க் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற பாட்டிலாக இருக்கட்டும். லேபிளை எப்படிப் படிப்பது என்று ஒரு சின்னப் படம் போடுங்கள்: ஸ்ட்ரெய்ட் என்று இருக்கிறதா, வயது என்ன, எத்தனை புரூஃப், எந்த டிஸ்டிலரியில் வடித்தது. புரூஃபை இரண்டால் வகுத்தால் சதவீதம் வரும் என்பதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள். இங்கே கடை அலமாரியையோ லேபிளையோ படம் எடுத்து அனுப்ப வேண்டுமானால் சொல்லுங்கள், அந்த வாரமே அனுப்புகிறேன். பெரியவரும் பீப்பாய் பற்றிப் பேசத் தயார் என்கிறார். கேள்விகளைத் தமிழில் அனுப்பினால் போதும், நான் உட்கார்ந்து கேட்டு எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
லூயிவில், கென்டக்கி.